இத்தாலி அலுமாரிக்கு நான் செய்த அபிஷேகம்

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு வருசமாக யோசித்தேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் விரதம் தொடங்கும்போது, இந்த ஆறு நாளுக்குள் எழுதி முடித்துவிடுகிறேன் என்று முருகனிடம் சொல்லுவேன். ஆறாம் நாள் சூரனும் விழுந்துவிடுவான், என்னுடைய எழுதுகிற கொப்பி வெறுமையாகவே கிடக்கும். நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். அதற்காக எழுதாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். வெட்கம்தான் காரணம். கோயிலில் என்னை நல்ல பக்திமான் என்று நினைக்கிற ஆட்கள் ஒரு பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்களும் வாசிப்பார்கள். என்ன செய்வது, வாசிக்கட்டும்.

நாங்கள் லண்டனில் மனோர் பார்க்கில், இரண்டு பக்கமும் சுவர் ஒட்டின வீட்டில் இருக்கிறோம். நான் பக்கத்தில் பார்க்கிங் என்கிற ஊரில் மரக்கறி மொத்தக் களஞ்சியம் ஒன்றில் வேலை. மனைவி மருந்துக்கடையில் வேலை. எங்கள் இடதுபக்கச் சுவருக்கு அங்கால் ஒரு இத்தாலிக்கார அம்மா தனியாக இருந்தார். புருசன் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலேயே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

அவருக்கு முழங்கால் ஏலாமல் போய், வால்தம்ஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அவருடைய தமக்கையின் மகன், பெறாமகன் முறை, வந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினான். கட்டில் போனது, கதிரைகள் போயின. ஒரு அலுமாரியை மட்டும் அந்த அம்மா கொடுக்க விடவில்லை. இடுப்பளவு உயரம், மேலே இழுத்துத் திறக்கிற லாச்சி இரண்டு, கீழே இரண்டு கதவு. கருந்தேன் நிறம். அவருடைய புருசனின் பாட்டன் காலத்திலேயே அது பழைய சாமானாம். வட இத்தாலியில் இருந்து பெட்டி அடித்துக் கப்பலில் வந்ததாம்.

ஒருநாள் என்னை மதிலடிக்குக் கூப்பிட்டார்.

"உன்னுடைய மணிச்சத்தம் காலையில் எனக்குக் கேட்கும். கும்பிடுகிற வீடு. நீ இதை வைத்துக்கொள்."

"அம்மா, இது உங்கள் குடும்பச் சாமான்."

"அதுதான் உன்னிடம் தருகிறேன். ஒன்றே ஒன்று. எதையும் மாற்றாதே. ஈஸ்டருக்கு நான் ஒருதரம் வந்து பார்ப்பேன்."

நான் நெற்றி விபூதியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். அப்போது மனம் நிறைந்துதான் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அலுமாரி எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்த அன்று நான் அடித்த பெருமை உங்களுக்குத் தெரியாது. ஊரில் இரண்டு வருசம் மரம் அரிந்து விற்கிற மரக்காலையில் வேலை செய்தவன் நான். முதிரை, பாலை, தேக்கு என்று லொறி லொறியாக இறங்கினதைப் பார்த்தவன். அலுமாரியை விரலால் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன், மூக்கை வைத்து மணந்தேன்.

"வால்நட் மரம். உள்ளும் வெளியும் ஒரே வைரம். முதிரை தோற்றுப்போகும்."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ளுக்குத் திறந்து பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவையில்லை. நான் மரக்காலையில இருந்தனான்."

"இருந்தனீங்கள்தான். பில்லெல்லோ எழுதினனீங்கள்."

அதை நான் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் எனக்கு வேறொன்று தெரியத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு கதவுகளையும் சேர்த்து மூடினால், இடப்பக்க மரத்தின் வரிகளும் வலப்பக்க மரத்தின் வரிகளும் நடுவில் வந்து ஒட்டின. கீழே ஒடுங்கி மேலே விரிந்து நுனியில் கூராக நின்றது ஒரு வடிவம். வேல். சாட்சாத் முருகன் கையில் இருக்கிற வேல். இரண்டு பக்கமும் மயில் தோகை விரிந்ததுபோல் சுருள்கள் வேறு. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சொன்னேன். நான்கு குடும்பம் வந்து பார்த்தது. "ஓம் அண்ணை, வேல்தான்" என்றார்கள். ஒருவர் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குசினிக்குள் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அது சர்க்கரைப்பூசணிக்காய் மாதிரித்தான் கிடக்குது."

இப்படி ஒரு சாமானைச் சும்மா வைத்திருக்கலாமோ. சுவாமி அறைக்குக் கொண்டுபோய், அதன்மேல் முருகனை எழுந்தருளப் பண்ணுவதென்று முடிவெடுத்தேன். ஆனால் ஒரு சிக்கல். அந்த அம்மா அதற்குள் இறைச்சியும் வைனும் வைத்திருந்தவர். லாச்சியைத் திறந்தால் இன்னும் காய்ந்த இறைச்சி வாசம் இருந்தது. மச்சம் புழங்கின சாமானில் சுவாமியை வைக்கலாமா? கழுவ வேண்டும். புதுவருசத்துக்கு வீடு கழுவுவதுபோல் கழுவ வேண்டும். எதையும் மாற்றாதே என்றுதானே சொன்னவர், கழுவாதே என்று சொல்லவில்லையே. என் புத்தி அந்த வழியில்தான் ஓடியது.

மனைவி வேலைக்குப் போகும்வரை பார்த்திருந்தேன். அதிலேயே விளங்கவில்லையா, எனக்கும் உள்ளுக்குள் ஏதோ பயம் இருந்திருக்கிறது என்று. நிலத்தில் தடித்த பிளாஸ்டிக் விரித்தேன். இரண்டு வாளி சுடுதண்ணீரில் மஞ்சள் கரைத்தேன். தேவாரம் பாடிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டால் மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். பிறகு கோயிலில் வாங்கி வைத்திருந்த கோசலத்தை, அதுதான் பசுமூத்திரத்தை, தெளித்தேன். அதோடு நின்றிருக்கலாம். பக்தி மேலிட்டுவிட்டது. குளிர்ப்பெட்டியில் இருந்த பாலை எடுத்து ஊற்றினேன். பன்னீர் ஊற்றினேன், பூத் தூவினேன். கடைசியில் இன்னொரு வாளி நல்ல தண்ணீர். கதவுகளில் வேல் பளபளவென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கெதியாய்க் காயட்டும் என்று ஹீற்றரை முழுதாகத் திறந்து, அலுமாரியை அதற்குப் பக்கத்தில் அணைத்து வைத்தேன்.

பின்னேரம் வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்ன இது, வெள்ளை பூத்துக் கிடக்குது?"

"பால்."

"பாலோ?"

"அபிஷேகம்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அலுமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்ல காலம், என்னை ஒருக்காலும் கும்பிடேல்லை நீங்கள்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

அது பால் இல்லை. அந்த மரத்துக்குப் பூசியிருந்த அரக்கு மெருகு தண்ணீரும் சூடும் பட்டு வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் மேற்பலகை பொரித்த பப்படம்போல் அங்கங்கே பொங்கியது. ஐந்தாம் நாள் ஒரு கதவின் ஓரம் தோல் உரிகிறமாதிரிக் கிளம்பியது. வேலின் இடதுபாதி சுவரைப் பார்த்து வளைந்துவிட்டது. அதோடு ஒரு மணம். எலி செத்த மணமும் இல்லை, அழுகின மரக்கறி மணமும் இல்லை. அது எனக்கு வேலையிடத்தில் பழக்கம். மூன்று நாள் சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி மணமும் அந்த மணமும் சேர்ந்து மூன்றாவது ஒன்று ஆனதுதான் மிச்சம்.

கிளம்பின ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேலே இருந்த வால்நட் ஒரு தடித்த கடதாசி மட்டை அளவுதான். அதற்குக் கீழே வெளிறின, நகத்தால் கீறினால் கோடு விழுகிற பலகை. தேயிலைப் பெட்டிப் பலகை மாதிரி.

"ஏமாத்திப்போட்டினம்," என்றேன். "உள்ளுக்க முழுக்கப் பெட்டிப் பலகை. மேலுக்குத்தான் வால்நட்."

"ஆர் ஏமாத்தினது? சும்மா தந்த மனிசியோ? உள்ளும் வெளியும் ஒரே வைரம் எண்டது அவவோ நீங்களோ?"

அன்றைக்கே தொலைபேசி வந்தது. இல்லத்திலிருந்து அந்த அம்மாதான். ஈஸ்டர் திங்கட்கிழமை பெறாமகன் காரில் கூட்டிக்கொண்டு வருவானாம். இல்லத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம், நான் என் அலுமாரியைப் பார்க்கப் போகிறேன் என்று. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்குது" என்றேன். விபூதி பூசின நெற்றியோடுதான் சொன்னேன். ஈஸ்டருக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருந்தது.

மனைவி மருந்துக்கடைக்கு வருகிற யாரிடமோ விசாரித்து, பழைய தளபாடம் திருத்துகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டுபிடித்தாள். வால்தம்ஸ்டோவில், ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே பட்டறை. ஒரு வான் வாடகைக்குப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனோம். நான் போன உடனேயே மரக்காலைக் கதையைத் தொடங்கினேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டே எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். பிறகு மண்டியிட்டு, கிளம்பின ஓரத்துக்குள் மெல்லிய கத்தியை விட்டு, குனிந்து மணந்து பார்த்தார்.

"இதற்கு என்ன செய்தீர்கள்?"

"துடைச்சனான்."

மனைவி தொண்டையைச் செருமினாள். நான் இரண்டு வாளியையும் சொன்னேன். பாலையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்களுக்கு விளங்கும்படி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெளியே தெரிவது வால்நட், வாளால் மெல்லியதாக அரிந்து ஒட்டினது. உள்ளே இருப்பது பொப்லர் என்கிற மரம். லாச்சியின் அடிப்பலகை மலைநாட்டு ஊசியிலை மரம். கதவைச் சுற்றி ஓடுகிற மஞ்சள் கோடு ஒலிவ் மரம். கறுப்புக் கோட்டை நான் கருங்காலி என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அது பெயார், அதாவது பேரிக்காய் மரத்தைச் சாயத்தில் ஊறவைத்ததாம்.

"அப்ப எல்லாம் ஏமாத்துத்தானே," என்றேன்.

"இல்லை. வால்நட் அழகு. ஆனால் அகலப் பலகையாக வைத்தால் காலநிலைக்கு வளையும், வெடிக்கும். பொப்லர் சாதாரண மரம். ஆனால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அதனால் அதைக் கீழே வைத்து, அழகை மேலே ஒட்டினார்கள்."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்," என்றாள் மனைவி தமிழில். "அழகு எண்டுதான் சொல்ல ஏலாது."

நான் அந்த வேல் விசயத்தை விடவில்லை. அது எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரே மரக்குற்றியில் அடுத்தடுத்து அரிந்த இரண்டு தகட்டைப் புத்தகம் விரிக்கிறமாதிரி விரித்து ஒட்டுவார்களாம். இடமும் வலமும் ஒன்றுபோல் வருவதால் எப்போதும் ஏதாவது ஒரு உருவம் தெரியுமாம். "சிலர் வண்ணத்துப்பூச்சி என்பார்கள். போன மாதம் ஒருவர் தன்னுடைய அலுமாரியில் பேய் முகம் இருக்கிறது, விற்றுத் தா என்று வந்தார்."

எங்கள் வீட்டில் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட அந்த மனிதரை நினைத்தேன்.

"அந்த மணம்?" என்று மனைவி கேட்டாள்.

"அது பசை. நனைந்தால் மணக்கும். மாட்டுத்தோல், எலும்பு எல்லாம் காய்ச்சி எடுக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாத் தளபாடமும் அதில்தான்."

மரக்காலைக்குப் பக்கத்துப் பட்டறையில் வச்சிரம், வச்சிரம் என்று தச்சர் சொல்லி ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். பசை என்பது தெரியும். எதில் செய்வது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இறைச்சிக்கடை வாசலைத் தவிர்க்க மற்றப் பக்க நடைபாதைக்கு மாறுகிறவன் நான். மாட்டுத்தோல் பசையை மாட்டுக் கோசலம் தெளித்துச் சுத்தம் செய்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். கழுவாமல் விட்டிருந்தால் அது இன்னும் நூறு வருசம் மணக்காமல் கிடந்திருக்கும்.

"வேற பசை போட ஏலாதோ?"

"போடலாம். ஆனால் அது பிறகு விடாது. மரம் அசைய இடமில்லாமல் வெடிக்கும். இதற்கு இதே பசைதான். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தெரியாமல் இருந்தது வேறு, தெரிந்துகொண்டே காசு கொடுத்து மாட்டுத்தோல் காய்ச்சி ஒட்டச் சொல்வது வேறு அல்லவா. ஒரு பக்கம் இது. மறுபக்கம், இல்லத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நாள் எண்ணுகிற ஒரு வயதுபோன மனுசி. சுவாமி அறையில் நின்று முருகனைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள், உடுப்பு மடித்துக்கொண்டு.

"கோயில் தவில் என்ன, பிளாஸ்டிக்கிலயோ செய்தது?"

"அது... ஒரு பக்கம் ஆட்டுத்தோல். மற்றப் பக்கம் எருமை."

"சுவாமி அதைக் கேட்டுக்கொண்டுதானே வெளிவீதி வாறவர். எழும்பிப் போயிட்டாரோ?"

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, அதே பசையையே போடச் சொன்னேன்.

இதுவரைக்கும் நான் செய்தது அறியாமை. முருகனும் மன்னிப்பார், நீங்களும் மன்னிப்பீர்கள். இனி எழுதப்போவதுதான் நாலு வருசம் என் கையைப் பிடித்து வைத்திருந்தது.

மூன்றாம் கிழமை அந்தப் பெண் கூப்பிட்டார். பொங்கினது எல்லாம் சூட்டில் இளக்கி அமர்த்தியாகிவிட்டதாம், மெருகு மட்டும்தான் மிச்சமாம். "மேற்பலகையில் வலதுமூலையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. சூடான பாத்திரம் வைத்த அடையாளம். இது உங்கள் தண்ணீரால் வந்ததில்லை, பழையது. இதை விடவா, எடுக்கவா?"

"எடுங்கோ."

"சாமானின் சொந்தக்காரரிடம் கேட்டீர்களா?"

"சொந்தக்காரன் நான்தான்," என்றேன்.

அவர் இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் அதையேதான் சொன்னேன். தந்ததைவிடத் திறமாக வைத்திருக்கிறான் என்று அந்த அம்மா வாயால் ஒருதரம் கேட்கவேண்டும் என்று ஆசை. அதுவரை பயத்தில் இருந்த மனம், ஆபத்து நீங்கின உடனே மெடல் கேட்டது.

ஈஸ்டர் திங்கள் வந்தது. அலுமாரி புதுப்பெண்போல் நின்றது. மேலே முருகன் படம், குத்துவிளக்கு, பூத்தட்டு. மனைவி வடை சுட்டாள். அந்த அம்மா பெறாமகன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே வந்தார். கதவுகளைப் பார்த்தார், தலையாட்டினார். நான் ஒரு பக்கமாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிறகு அவர் வலப்பக்கம் வந்து, பூத்தட்டை நகர்த்தினார். விளக்கைத் தூக்கி என் கையில் தந்தார். வெறும் பலகையை உள்ளங்கையால் தடவினார். இன்னொருதரம் தடவினார்.

"எங்கே?"

"எது அம்மா?"

"வட்டம். கறுப்பு வட்டம்."

லண்டனுக்கு அலுமாரி வந்து இறங்கின முதல்நாள் காலையில், அவருடைய புருசன் அடுப்பிலிருந்து எடுத்த கோப்பிக் கேத்தலை அப்படியே அதன்மேல் வைத்துவிட்டாராம். மூன்று நாள் இவர் அவரோடு பேசவில்லையாம். அதற்குப் பிறகு சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லியே ஏசினாராம். அவர் போன பிறகு, தினமும் காலையில் தன் கோப்பிக் கோப்பையை அந்த வட்டத்துக்குள் வைத்துக் குடித்தாராம். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

நான் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்த இடங்களில் மனைவி எடுத்துக் கொடுத்தாள். வேல், வாளி, மஞ்சள், பால், பசை. கடைசியில் அந்தத் தொலைபேசி.

"பாலாலா கழுவினாய்?"

"பாலாலயும்."

அவர் என்னை ஏசவில்லை. "நான் உன்னிடம் ஒன்றுதானே கேட்டேன்," என்றார். பிறகு பெறாமகனைப் பார்த்துக் கையை நீட்டினார். வடை ஆறிக்கொண்டு கிடந்தது. கார் போன பிறகு மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

அடுத்த நாள் வேலையில் வெங்காய மூட்டை இறக்கும்போதுதான் அந்தப் பெண் எடுத்த படங்கள் நினைவுக்கு வந்தன. கேட்ட உடனே அனுப்பினார். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் வட்டம் தெளிவாக இருந்தது, கேத்தலின் அடி அளவில், ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாக. ஆனால் அதைச் சுற்றி நான் செய்த திருவிளையாடல் எல்லாமும் இருந்தது. வெள்ளைப் பூப்பு, பப்படப் பொங்கல், மஞ்சள் வழிந்த தாரை, ஒட்டிக் காய்ந்த பூவிதழ் ஒன்று.

படம் பெரிதாக்குகிற கடையில் இருந்தவர் நல்ல மனிதர். "இந்த மஞ்சள் கறையையும் வெள்ளையையும் கம்பியூட்டரில் எடுத்துவிடலாம், ஒரு நிமிசம்தான்," என்றார்.

"வேண்டாம்," என்றேன். "கிடந்தபடி கிடக்கட்டும்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். அந்த அம்மா கட்டிலில் இருந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு வட்டத்தின்மேல் பெருவிரலை வைத்து மெதுவாகச் சுற்றினார். தடிப்பான பக்கம் வந்ததும் நிறுத்தினார். அவருடைய பாசையில் யாரையோ ஏசினார். என்னை இல்லை.

பிறகு மஞ்சள் தாரையைத் தொட்டார். "இது?"

"அது நான்."

"சுவரில் மாட்டு," என்றார். கட்டிலில் இருந்து பார்த்தால் நேரே தெரிகிற இடத்தில் மாட்டினேன். அலுமாரியைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "இந்த அறையில் எங்கே வைப்பது? உன்னோடேயே இருக்கட்டும். ஆனால் இனிமேல் குளிப்பாட்டாதே."

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவருகிறேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவர் இந்தக் கதையை என்னை வைத்துக்கொண்டே சொல்லுவார். அவருடைய கதையில் நான் அலுமாரியை வீட்டுக் குளியல் தொட்டிக்குள் தூக்கிப் போட்டிருக்கிறேன், பசுமாடு ஒன்றும் எங்கள் முன்னறைக்கு வந்திருக்கிறது. கோயில் பக்கம் வேறு கதை. போன மாசம் பார்க்கிங்கில் ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் எனக்கே சொன்னார்: யாரோ ஒரு அடியாருடைய வீட்டு அலுமாரியில் முருகன் வேல் தோன்றினதாம், ஊற்றின பாலை அலுமாரி குடித்துவிட்டதாம், அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார மனுசி அழுதுகொண்டு போனதாம். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு, ஓம் ஓம் என்று தலையாட்டினேன். வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே கொப்பியை எடுத்தேன்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், தாராளமாய்ச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வேல் தோன்றவில்லை, அது வால்நட் மரத்தின் வரி. பாலை அலுமாரி குடிக்கவில்லை, பிளாஸ்டிக்கில் வடிந்தது, நான்தான் துடைத்தேன். சொந்தக்காரன் நான் என்று தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். என்னில் இரக்கப்பட்டு அதை மட்டும் துடைத்துவிட்டுச் சொன்னால், அந்த மனுசிக்கு நான் செய்ததையே நீங்களும் செய்தவர்களாவீர்கள்.